‘ஒரு நிமிடம்’ என்பது எவ்வளவு நேரம்? குறுங்காலச் சொற்கள்: ஆங்கிலமும் தமிழும் பினாங்கு வழக்கும்

1. முன்னுரை

காலத்தைக் குறிக்கும் சொற்களை இருவகையாகப் பகுக்கலாம். நாள், மணி, நிமிடம் முதலியன வரையறுத்த அளவுடையன. இவற்றை அளவைச் சொற்கள் எனலாம். சற்று, சிறிது நேரம், விரைவில் முதலியன அளவு வரையறுக்கப்படாதன. இவற்றைக் குறிப்புச் சொற்கள் எனலாம். அகராதியில் இவ்விரு வகையும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. அன்றாடப் பேச்சிலோ அளவைச் சொற்கள் தம் அளவை இழந்து குறிப்புச் சொற்களாக நடமாடுகின்றன. ‘ஒரு நிமிடம் இருங்கள்’ என்று சொல்பவரும் கேட்பவரும் அறுபது நொடிகளை எண்ணுவதில்லை.

பல மொழிகள் நாள்தோறும் உரசிக்கொள்ளும் ஊரில் இந்நெகிழ்ச்சி தனிக் கவனத்திற்குரியது. பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ்டவுன் அத்தகைய ஊர். தமிழ், மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் ஆகிய நான்கும் ஒரே தெருவில் வழங்கும் அந்நகரில், ‘சற்றுப் பொறுங்கள்’ என்னும் ஒரு கருத்து நான்கு வடிவங்களில் ஒலிக்கிறது. ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்க்கும்போது காலத்தின் அளவு கூடுவதும் குறைவதும் உண்டு. கடைவீதியில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. மருந்தகத்திலும் நீதிமன்றத்திலும் நிலைமை அவ்வாறன்று. ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் குறுங்காலச் சொற்களையும், அவற்றிற்கு இணையாக நாம் கையாளும் தமிழ்ச் சொற்களையும் ஒப்பிட்டு, பெயர்க்கும்போது நோக்கவேண்டியவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. ஆங்கிலக் குறுங்காலச் சொற்களின் பின்புலம்

ஆங்கிலத்தின் ‘மினிட்’, ‘செகண்ட்’ ஆகிய இரண்டும் இலத்தீன் வழி வந்தவை. ஒரு முழுமையை அறுபதாகப் பகுத்தால் கிடைப்பது ‘முதற் சிறுகூறு’. அதனை மேலும் அறுபதாகப் பகுத்தால் கிடைப்பது ‘இரண்டாம் சிறுகூறு’. முன்னதிலுள்ள ‘சிறு’ என்னும் பொருளுடைய சொல் ‘மினிட்’ ஆயிற்று. பின்னதிலுள்ள ‘இரண்டாம்’ என்னும் பொருளுடைய சொல் ‘செகண்ட்’ ஆயிற்று. ஆகவே ‘செகண்ட்’ என்னும் பெயருக்குள் காலம் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. வரிசை எண் மட்டுமே உள்ளது. இன்று அறிவியல் அதற்கு மிக நுண்ணிய வரையறை தந்துள்ளது. 1967ஆம் ஆண்டு முதல், சீசியம்-133 அணுவிலிருந்து வெளிப்படும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகளுக்கு ஆகும் காலமே ஒரு செகண்ட் ஆகும். இத்துணை நுட்பமான அளவையைத்தான் ஆங்கிலம் பேசுவோர் ‘ஒரு செகண்ட்’ என்று கூறி, ஐந்து நிமிடம் காக்க வைக்கின்றனர்.

‘மொமென்ட்’ என்பது அசைவு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இன்று வரையறையற்ற குறிப்புச் சொல்லாக வழங்கும் இதற்கு ஒரு காலத்தில் திட்டமான அளவு இருந்தது. இடைக்கால ஐரோப்பியக் காலக்கணிதத்தில் ஒரு மணியின் நாற்பதில் ஒரு பங்கு ‘மொமென்ட்’ எனப்பட்டது. இக்காலக் கணக்கில் அது 90 செகண்ட் ஆகும். எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த பீட் என்னும் துறவி, காலக்கணிதம் பற்றிய தம் நூலில் இப்பகுப்பை விளக்கியுள்ளார்.

‘ட்ரைஸ்’ என்பது கயிற்றை இழுத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. பாயை ஒரே இழுப்பில் ஏற்றுவதற்கு ஆகும் நேரம் அது. கப்பலோட்டிகளின் தொழில் மணம் அதில் உள்ளது. ‘டிக்’ என்பது கடிகாரத்தின் ஓசையைப் போன்மையாகக் கொண்டது. ‘ஜிஃபி’ என்பதன் தோற்றம் இதுவரை உறுதிப்படவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது எழுத்தில் இடம்பெறலாயிற்று. பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய காலமும் ஏறத்தாழ அதுவே. பின்னாளில் வேதியியலறிஞர் கில்பர்ட் லூயிஸ், ஒளி ஒரு சென்டிமீட்டர் தொலைவைக் கடக்கும் நேரத்திற்கு இச்சொல்லைப் பெயராக முன்மொழிந்தார். பேச்சுவழக்கில் பிறந்த சொல்லும் அறிவியல் அளவையாகலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆங்கிலச் சொற்களில் மற்றொரு போக்கையும் காணலாம். உடனடித் தன்மையைக் குறித்த சொற்கள் காலப்போக்கில் தளர்ந்து, ‘பிறகு’ என்னும் பொருளை அடைகின்றன. ‘விரைவில்’ என்னும் பொருளில் இன்று வழங்கும் ‘சூன்’, பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்னும் பொருளுடையது. ‘பிரசென்ட்லி’, ‘அனோன்’ ஆகியவற்றின் வரலாறும் இத்தகையதே. உடனே செய்வதாகக் கூறிவிட்டுச் சற்றுத் தாழ்த்திச் செய்யும் மாந்தர் இயல்பே சொற்பொருளை மாற்றியுள்ளது எனலாம். நம் வழக்கில் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று இறந்தகாலத்தில் கூறுபவர் இன்னும் புறப்படாமலே இருத்தல் உண்டு.

3. தமிழின் அளவைச் சொற்கள்

தமிழில் குறுங்கால அளவை முதன்முதலில் வரையறுக்கப்படுவது இலக்கணத்தில்தான். எழுத்தொலியின் அளவாகிய மாத்திரைக்குத் தொல்காப்பியம் கண்ணிமைத்தலையும் விரல் நொடித்தலையும் அளவாகக் காட்டுகிறது; நன்னூலும் இயல்பான மாந்தரின் இமையையும் நொடியையும் அளவாகக் கொள்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனத் தொடங்கி, மகரக் குறுக்கத்திற்குக் கால் என்னும் அளவு வரை இவ்வளவை செல்கிறது. அந்தக் காலையும் அரையையும் எவ்வாறு உணர்வது? விரலை நொடிக்க நினைத்தல் கால், விரலை ஊன்றுதல் அரை, முறுக்குதல் முக்கால், விடுத்தல் ஒன்று என உரைமரபு விளக்கம் தருகிறது. நொடித்தல் என்னும் ஒரு சிறு செயலையும் நான்கு கூறாக்கிக் கண்ட நுட்பம் வியத்தற்குரியது. கருவி ஏதும் இன்றி, பேசுவோரின் உடம்பையே அளவுகோலாகக் கொண்ட முறை இது.

நாளின் பகுப்பு வேறு வகையானது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 வினாடி. இக்கணக்கின்படி நாழிகை என்பது 24 நிமிடம். வினாடி என்பது இன்றைய 24 நொடி. இரண்டரை நாழிகை ஒரு மணியாகவும், ஏழரை நாழிகை ஒரு சாமமாகவும் அமையும். நீர் கசியும் கலத்தைக் கொண்டு நாழிகையைக் கணித்த முறையைச் சங்க நூலாகிய முல்லைப்பாட்டு குறிப்பிடுகிறது.

இங்கு ஒரு முதன்மையான வேறுபாட்டை மாணவர் அறிதல் வேண்டும். பஞ்சாங்கத்தில் வினாடி என்பது நாழிகையின் அறுபதில் ஒரு பங்கு. இன்றைய பொதுவழக்கிலோ அது ‘செகண்ட்’ என்பதன் இணைச்சொல். ஆக, ஒரே சொல் தன் பழைய அளவின் 24இல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இதற்கு நேர்மாறானது ‘நிமிடம்’. இமைத்தல் என்னும் பொருளுடைய ‘நிமிஷ’ என்னும் வடசொல்லின் திரிபு அது. கண்ணிமைக்கும் நேரத்தைக் குறித்த சொல் இன்று அறுபது நொடிகளைக் குறிக்கிறது. ஒரு சொல் சுருங்க, மற்றொரு சொல் விரிந்துள்ளது. மாத்திரையின் அளவாக இருந்த ‘நொடி’யும் இன்று ‘செகண்ட்’ என்னும் அளவிற்கு உரியதாகிவிட்டது.

‘சிறுபொழுது’ என்பதிலும் கவனம் வேண்டும். சொல்லமைப்பைக் கொண்டு அதனைக் குறுகிய நேரம் எனக் கருதுவோர் உளர். பொருளிலக்கணத்தில் அது நாளின் பெரும்பகுப்பைக் குறிக்கும் கலைச்சொல். மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என ஆறாகப் பகுத்து ஒவ்வொன்றிற்கும் 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம் கூறுவர். ‘சிறிது பொழுது’ என்னும் பொருளில் ‘சிறுபொழுது’ என எழுதுவது இதனால் பொருந்தாது.

அளவை வரையறுக்கப்படாத சொற்களும் தமிழில் பல. ‘கணம்’ என்பது திருக்குறளிலேயே இடம்பெற்றுள்ளது. குணக்குன்றேறி நின்றாரின் சினத்தைக் கணப்பொழுதும் தாங்குதல் அரிது என்பது அக்குறளின் கருத்து. ‘இமைப்பொழுது’ என்பதை மாணிக்கவாசகர் சிவபுராணத்தின் தொடக்கத்திலேயே ஆள்கிறார். இவையன்றி, சட்டென்று, பட்டென்று, திடீரென்று, மளமளவென்று எனக் காலத்தின் குறுமையை ஓசையாலேயே உணர்த்தும் இரட்டைக்கிளவிகளும் ஒலிக்குறிப்புகளும் உள்ளன. ‘பட்டென்று கதவு மூடிற்று’ என்பதில் நேரமும் ஓசையும் விசையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல்லை இணையாக நிறுத்துதல் கடினம்.

4. பினாங்குத் தெருவின் வழக்கு

ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார், லெபோ குவீன் ஆகிய தெருக்களைச் சூழ்ந்த பகுதி ‘லிட்டில் இந்தியா’ என வழங்கப்படுகிறது. 1833ஆம் ஆண்டு முதல் கோயிலாக விளங்கிவரும் மகா மாரியம்மன் ஆலயம் அங்கு உள்ளது. அதற்கு அண்மையில் சீனக் கடைகளும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் உள்ளன. இச்சூழலில் ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரின் மொழிக்கேற்பத் தம் குறுங்காலச் சொல்லையும் மாற்றிக்கொள்வது இயல்பு.

மலாயில் பெரிதும் வழங்குவது ‘செக்கெஜாப்’. ‘கெஜாப்’ என்பது கண்ணை இமைத்தல். முன்னொட்டாகிய ‘செ’ ஒன்று என்னும் பொருளது. ஆகவே சொல்லின் நேர்ப்பொருள் ‘ஓர் இமைப்பு’ என்பதாகும். ‘செக்கெலிப் மாத்தா’ என்னும் தொடரும் கண்ணிமைக்கும் நேரத்தையே குறிக்கிறது. தமிழின் இமைப்பொழுது, ஆங்கிலத்தின் ‘கண் சிமிட்டும் நேரம்’, ஜெர்மன் மொழியில் கணத்தைக் குறிக்கும் ‘ஆகன்பிளிக்’ ஆகியவற்றோடு இவற்றை ஒப்பிட்டால், கண்ணையே முதற் கடிகாரமாக மாந்தர் பல நாடுகளில் கொண்டனர் என்பது புலனாகும். பினாங்கும் கெடாவும் உள்ளிட்ட வடபகுதி மலாயில் ‘சட்’ என்னும் குறுஞ்சொல் இதே பொருளில் வழங்குகிறது. ‘துங்கு சட்’ என்றால் ‘சற்றுப் பொறு’ என்பதாகும். ஹொக்கியன் மொழியில் ‘தான் சிட்-ஏ’ என்பர். ‘சிட்-ஏ’ என்பதன் நேர்ப்பொருள் ‘ஒரு தடவை’ என்பதாகும். கண்ணிமைப்புக்கு மாறாக ஒரு செயல் நிகழும் தடவை அங்கு அளவாகிறது.

மலாய்க் காலச்சொற்கள் தமிழ் மாணவருக்கு வேறொரு வகையிலும் பயன்தரும். மலாயில் ‘செகண்ட்’ என்னும் அளவைக் குறிப்பது ‘சாஆட்’. அது அரபு மொழியில் மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘போது’, ‘வேளை’ என்னும் பொருளில் வரும் ‘கெத்திகா’ என்பது வடமொழிக் ‘கடிகா’வின் திரிபு. அக்கடிகா நாழிகைக்கு இணையான 24 நிமிட அளவு. தமிழில் ‘கடிகை’ என வழங்கி, ‘கடிகாரம்’ என்னும் சொல்லோடு உறவுடையது. பொதுவாகக் காலத்தைக் குறிக்கும் ‘மாசா’, மாதம் என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. மணி நொடியாகிறது, நாழிகை ‘போது’ ஆகிறது, மாதம் பொதுக்காலம் ஆகிறது. கடன்பெறும் மொழி சொல்லைப் பெறுகிறதே தவிர, அளவையும் சேர்த்துப் பெறுவதில்லை என்பதற்கு இம்மூன்றும் தெளிந்த சான்றுகள்.

5. மணிக்கூண்டும் மாறிய நேரமும்

அளவைச் சொற்களின் அளவும் மக்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாடே என்பதைப் பினாங்கின் வரலாறு காட்டுகிறது. விக்டோரியா அரசியாரின் அறுபதாம் ஆட்சியாண்டாகிய 1897இன் நினைவாகச் சீன வணிகர் சியா சென் இயோக் ஜார்ஜ்டவுனில் ஒரு மணிக்கூண்டு எழுப்ப முன்வந்தார். ஆண்டுக்கு ஓர் அடி என அதன் உயரம் 60 அடி. 1902இல் அது நிறைவெய்தியபோது அரசியார் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. ‘மணி’ என்னும் தமிழ்ச்சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது. நேரத்தை அறிவிக்கும் ஓசைக்கருவியின் பெயரே நேரத்தின் அளவிற்குப் பெயராயிற்று.

அம்மணிக்கூண்டு காட்டவேண்டிய நேரமும் பலமுறை மாறியது. கிரீனிச் நேரத்தைவிட 1905இல் 7 மணி முன்னதாக இருந்த நேரம், 1933இல் 7 மணி 20 நிமிடமாகவும், 1941இல் 7 மணி 30 நிமிடமாகவும் ஆயிற்று. சப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் நடைமுறைக்கு வந்து, முன்னேற்றம் 9 மணியாயிற்று. 1945இல் பழைய ஏழரை மணிக்குத் திரும்பியது. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது மேற்கு மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்தள்ளப்பட்டு, நாடு முழுமைக்கும் 8 மணி என்னும் ஒரே நேரம் வந்தது. பினாங்கின் நிலநெடுக்கோட்டின்படி ஞாயிறு உச்சியை அடைவது சராசரியாகப் பிற்பகல் 1.19 அளவில்தான். ஆகவே கடிகாரம் 12 எனக் காட்டும்போது பினாங்கில் இன்னும் உச்சிப்பொழுது வந்திருப்பதில்லை. ஞாயிற்றின் எழுச்சியிலிருந்து நாழிகையை எண்ணுவோர், தமிழகப் பஞ்சாங்கத்தின் மணிக்கணக்கை அப்படியே கொள்ளாமல் உள்ளூர் எழுச்சி நேரத்தைக் கொண்டு கணிப்பதன் காரணம் இதுவே.

6. வேற்றுமையும் சொல்லுருபும்

குறுங்காலத் தொடர்களில் பொருளை உறுதிசெய்வது பெயர்ச்சொல் மட்டுமன்று. அதனோடு சேரும் உருபும் ஆகும். ஒரு செயல் நீடிக்கும் நேரம் ஒன்று. செயல் தொடங்குமுன் கழியும் இடைவெளி ஒன்று. செயல் முடியவேண்டிய எல்லை ஒன்று. செயல் நிகழும் புள்ளி ஒன்று. ‘ஒரு கணம் தயங்கினார்’ என்பது நீடிப்பு. ‘சற்று நேரம் கழித்து வந்தார்’ என்பது இடைவெளி. ‘ஒரு நொடிக்குள் முடித்தார்’ என்பது எல்லை. ‘அக்கணமே புறப்பட்டார்’ என்பது புள்ளி.

ஆங்கிலத்தில் ‘இன்’ என்னும் முன்னிடைச்சொல் இடைவெளியையும் எல்லையையும் ஒருங்கே தாங்குகிறது. ‘ஐந்து நிமிடத்தில் வருவேன்’ என்னும் பொருளில் அது வந்தால், ஐந்து நிமிடம் கழித்து என்பதே பெரும்பாலும் கருத்து. ‘ஐந்து நிமிடத்தில் முடித்தேன்’ என்னும் பொருளில் வந்தால், ஐந்து நிமிடத்திற்குள் என்பது கருத்து. தமிழில் ‘இல்’ உருபும் இவ்விரு பொருளுக்கும் இடம் தருவதால், பெயர்ப்போர் பலர் சிந்தியாமல் ‘இல்’ உருபையே இட்டுவிடுகின்றனர். ‘கழித்து’, ‘உள்’ ஆகியவற்றை ஏற்ற இடத்தில் ஆண்டால் ஐயம் அகலும். ஆங்கில மூலத்தைவிடத் தெளிவான தொடரைத் தருவதற்குத் தமிழில் வழி உண்டு. அவ்வழியைப் பயன்படுத்தாமல் விடுவது நம் குறையே.

‘சூன்’ என்பதை எங்கும் ‘விரைவில்’ எனப் பெயர்ப்பதும் ஆராயத்தக்கது. விரைவு என்பது செயலின் வேகம். அண்மை என்பது காலத்தின் நெருக்கம். ‘மருத்துவர் விரைவில் வருவார்’ என்பதைவிட ‘மருத்துவர் சற்று நேரத்தில் வருவார்’ என்பது காத்திருப்பவருக்குத் தெளிவு தரும்.

7. எண்களின் நெகிழ்ச்சி

நாட்களைக் குறிக்கும் தொடர்களிலும் இந்நெகிழ்ச்சி உண்டு. ‘எ கப்பிள் ஆஃப் டேஸ்’ என்னும் ஆங்கிலத் தொடர் சொற்பொருளளவில் இரண்டு நாள். வழக்கிலோ இரண்டு மூன்று நாளையும் தழுவும். ‘ஃபோர்ட்னைட்’ என்பது பதினான்கு இரவு என்னும் பழைய தொடரின் குறுக்கம். ஆதலின் அதில் ஐயமில்லை. தமிழில் ‘ஓரிரு நாள்’ என்பது ஒன்று அல்லது இரண்டு. ‘இரண்டொரு நாள்’ என்பதும் அவ்வாறே. ‘நாலு நாள்’ என்பது எண்ணளவில் நான்காயினும் ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதிற்போலப் ‘பல’ என்னும் பொருளிலும் வரும். ‘எ கப்பிள்’ என்பதை ‘நாலைந்து’ எனப் பெயர்த்தால் காலம் இரட்டிப்பாகிவிடும்.

8. பெயர்ப்பில் நேரக்கூடிய இடர்கள்

நீதிமன்றத்தில் தமிழில் சான்று கூறும் ஒருவர், ‘எல்லாம் ஒரு நிமிடத்தில் நடந்து முடிந்துவிட்டது’ என்கிறார் என்று கொள்வோம். அவர் கருதுவது திடீரென நிகழ்ந்தது என்பதே. மொழிபெயர்ப்பாளர் அதனை ‘ஒரு நிமிட நேரத்தில்’ என அளவாகப் பெயர்த்தால், எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அவ்வறுபது நொடியைப் பற்றிக்கொண்டு வினாத் தொடுக்க இயலும். அறுபது நொடி என்பது ஒரு மனிதர் ஓடித் தப்புவதற்கும், உதவி கோரி அழைப்பதற்கும் போதிய நேரம். சான்று கூறியவர் பொய்யராகத் தோன்றுவார், பிழையோ பெயர்ப்பினுடையது. ‘கண்மூடித் திறப்பதற்குள்’ என்று அவர் கூறியிருந்தால் இவ்வையம் எழுந்திராது. அத்தொடரைக் குறிப்புச் சொல்லாகவே எவரும் கொள்வர்.

மருத்துவத்திலும் இதே நிலை. ‘சிறிது நேரம் மயக்கமாக இருந்தது’ என்று ஒரு மூதாட்டி கூறினால், அது சில நொடியா, அரைமணியா என்பதைப் பொறுத்து மருத்துவரின் முடிவு மாறும். ‘எ லிட்டில் வைல்’ எனப் பெயர்த்துவிட்டு அமைதல் போதாது. ‘வெந்நீர் கொதிக்கும் நேரமா? தெருமுனை வரை நடந்து செல்லும் நேரமா?’ என அவர் அறிந்த செயல்களைக் கொண்டு அளவை வினவிப் பெறுதல் மொழிபெயர்ப்பாளரின் கடமை. கண்ணிமையையும் கைந்நொடியையும் கொண்டு மாத்திரையை அளந்த முறையும் இதுவேயன்றோ!

இவற்றிலிருந்து ஒரு நெறியை வகுக்கலாம். முதலாவது, மூலச்சொல் அளவாக வந்துள்ளதா, குறிப்பாக வந்துள்ளதா என்பதைத் தெளிதல் வேண்டும். குறிப்பாயின் குறிப்புச் சொல்லாலேயே பெயர்க்க வேண்டும். அளவாயின் எண்ணோடு பெயர்க்க வேண்டும். இரண்டாவது, நீடிப்பு, இடைவெளி, எல்லை, புள்ளி என்பவற்றுள் எது கருதப்பட்டது என்பதை உருபால் காட்ட வேண்டும். மூன்றாவது, ‘ஒரு நிமிடம்’ என்பது காலத்தைக் குறியாமல் பணிவான வேண்டுகோளாக வருமிடங்களில் ‘சற்றுப் பொறுங்கள்’ என்பதே தகும்.

9. முடிவுரை

மலேசியத் தமிழ் மாணவரின் எழுத்தில் இன்று குறுங்காலத்தைக் குறிக்க ‘ஒரு நிமிடம்’, ‘கொஞ்ச நேரம்’ ஆகிய இரண்டே மிகுதியாக ஆளப்படுகின்றன. கணம், நொடி, இமைப்பொழுது, சற்று, சிறிது, அக்கணமே, கண்மூடித் திறப்பதற்குள் எனத் தமிழில் உள்ள படிநிலைகள் கட்டுரைப் பயிற்சியில் இடம்பெறுதல் நன்று. இவை அணிக்காக மட்டும் வேண்டப்படுவன அல்ல. தயக்கத்திற்கு ஒரு சொல், விரைவிற்கு ஒரு சொல், காத்திருத்தலுக்கு ஒரு சொல் எனப் பிரித்தறியும் மாணவரே பின்னாளில் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் பிறர்க்காகப் பேசவேண்டிய இடத்தில் நிற்பர். அங்குத் தம் தாய்மொழியில் மட்டும் பேசத்தெரிந்த ஒருவரின் சொல்லை அதன் அளவு மாறாமல் மறுமொழிக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு அவர்களுடையது.